பழையதை நீக்கும் உரிமை யாருக்கு?

பலரும் பயன்படுத்தும் ஒரு பொருளை ஆக்கியோர், அதன் ஒரு பகுதி இனி வேண்டாமென்று நீக்கும்போது, அப்பகுதியை நம்பியிருந்தோருக்கு அவர்கள் எவ்வகையிற் கடமைப்பட்டவர்கள்? விலைக்கு விற்ற பொருளாயின் இவ்வினாவுக்கு விடை கூறச் சட்டமுண்டு, வழக்காட மன்றமுண்டு. விலையின்றி வழங்கிய பொருளாயின் என் செய்வது? "தந்தவன் எடுத்துக்கொள்கிறான், கேட்பதற்கு நீ யார்?" என்று வாயடைப்பது எளிது. "ஊரார் நடந்து பழகிய பாதையை அடைக்க நிலத்துக்குரியவனுக்கும் உரிமையில்லை" என்று மறுத்துரைப்பதும் எளிது. இவ்விரண்டும் அரை உண்மைகள் என்பதே நமது கருத்து. அரை உண்மைகள் இரண்டைக் கூட்டினால் முழு உண்மை கிடைத்துவிடாது. ஆகையால், வினாவை அந்தரத்தில் நிறுத்திப் பேசுவதிலும் பார்க்க, நம் காலத்து உற்பத்திச் சாதனம் ஒன்றினுள் வைத்து ஆராய்வது பயனுடையதாகும்.

நாம் எடுத்துக்கொள்ளும் உதாரணம் கணினித் துறையைச் சேர்ந்தது. இலக்கியம் பயின்றோருக்கும் பாடசாலையிற் படிப்பிப்போருக்கும் இதில் என்ன அலுவல் என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு காலத்தில் ஆலையும் இரயிலும் தந்தியும் மனித உறவுகளை எவ்வாறு மாற்றின என்று எண்ணிப் பார்த்த இயக்கத்தின் வழிவந்தோர், இன்று வங்கியும் வைத்தியசாலையும் அரசாங்கக் கந்தோரும் எவற்றின்மேல் நின்று இயங்குகின்றன என்று அறியாதிருத்தல் தகாது. பொறிகளைப் பற்றிய முடிவுகள் பொறிவல்லாருக்கு மட்டும் உரியன என்று ஒதுங்குவோர், தம் வாழ்வைப் பற்றிய முடிவுகளிலிருந்தும் ஒதுங்கிக்கொள்கின்றனர்.

மெய்நிகராக்கம் என்பது ஒரு கணினியினுள் வேறு பல கணினிகள் இருப்பனபோல் இயங்கச் செய்யும் நுட்பமாகும். கண்ணாற் காணும் இயந்திரம் ஒன்றே. அதன் வயிற்றில் இயங்குவனவோ பல. ஒவ்வோர் உட்கணினியும் தனக்கெனத் தனி நினைவகமும் வட்டும் கடிகாரமும் உண்டென்று கருதியே தொழிற்படும். இத்தகைய மென்பொருள்களுள் கியூஎமு என்பது பெயர்பெற்றது. ஃபிரெஞ்சு நிரலாளரான ஃபப்ரிஸ் பெல்லார் 2003 ஆம் ஆண்டில் அதனை முதன்முதல் வெளியிட்டார். 2007 ஆம் ஆண்டில் லினக்ஸ் கருவகத்தின் 2.6.20 ஆம் பதிப்பிற் சேர்ந்த கே.வி.எம். என்னும் பகுதி, வன்பொருளின் துணைகொண்டு உட்கணினிகளை விரைந்தியங்கச் செய்தது. இவ்விரண்டும் இணைந்து இன்று உலகின் பல்லாயிரம் கணினிக்கூடங்களில் இயங்குகின்றன. இவை திறந்த மூல மென்பொருள்கள். மூலநிரலை எவரும் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்கு வழங்கலாம்.

உட்கணினி ஒன்றைத் தொடக்குபவர் அதற்கு எவ்வளவு நினைவகம், எந்த வட்டு, எவ்வகைக் கடிகாரம் என்றெல்லாம் கட்டளை வரியிற் குறிப்பிடுகிறார். இவ்வாறு குறிப்பிடும் சொற்களே அமைவுத் தெரிவுகள். ஒருவர் ஒரு முறை சிரமப்பட்டு அவ்வரியை எழுதி ஒரு கோப்பில் இட்டுவைப்பார். அது செவ்வனே இயங்கும். பின்னர் அவர் இடமாற்றம் பெற்றுப் போவார், அல்லது இளைப்பாறுவார். வரி மட்டும் இருக்கும். அதன் பொருளறிந்தோர் அக்கந்தோரில் எவருமில்லாத நிலையிலும் நாள்தோறும் அது இயந்திரத்தை எழுப்பிக்கொண்டேயிருக்கும். ஆகவே தெரிவு என்பது வெறும் சொல்லன்று. அஃது ஆக்கியோனுக்கும் அவன் முகமறியாத ஒருவருக்கும் இடையிலான வாக்கு. "நீ இவ்வாறு சொன்னால் நான் இவ்வாறு செய்வேன்" என்பதே அவ்வாக்கு.

வாக்குகள் பழையனவாகின்றன. எவ்வாறு என்பதைக் காண்போம்.

முதலாவது வகை, சொல்லிருந்தும் செயலற்றுப்போன தெரிவு. கியூஎமுவில் 'கிளொக்' என்றொரு தெரிவு இருந்தது. காலக்கணிப்புக்குத் தாய்க் கணினியின் எந்த மணியை நம்புவது என்று பயன்படுத்துவோர் தெரிந்தெடுக்க அது வழிசெய்தது. உள்ளமைப்பு மாறியபின் அத்தெரிவுக்குத் தேவையில்லாது போயிற்று. 2013 ஆம் ஆண்டின் இறுதியில் வந்த 1.7 ஆம் பதிப்பு முதல் கியூஎமு அச்சொல்லை ஏற்றுக்கொள்ளும். ஆனால் ஒன்றும் செய்யாது. 2018 ஓகஸ்டில் வெளிவந்த 3.0 ஆம் பதிப்பிலேதான் அது நீக்கப்பட்டது. இரண்டாவது வகை, பெயரால் மயக்கும் தெரிவு. 'சிங்கிள்ஸ்டெப்' என்பது அத்தகையது. இயந்திரத்தை ஓரடி ஓரடியாக நிறுத்தி நிறுத்தி நடத்துவது போன்ற பெயர். அது செய்ததோ, உட்கணினியின் கட்டளைகளை மொழிபெயர்க்கும்போது ஒரு தொகுதிக்கு ஒரு கட்டளை என்று வரையறுப்பது மட்டுமே. 2024 ஆம் ஆண்டின் 9.0 ஆம் பதிப்பில் அது நீக்கப்பட்டு, செய்கைக்குப் பொருந்திய பெயருடன் வேறிடத்தில் அமைந்தது. மூன்றாவது வகை, ஒரே பொருளுக்கு இரண்டாவது வாசல். உட்கணினிக்கு நுண்ணிய கடிகாரம் வேண்டாமென்று கூறும் 'நோ-எச்பெட்' என்ற தனிச் சொல்லின் வேலையை இயந்திர அமைப்பைக் குறிக்கும் பொதுத் தெரிவே செய்துவிடும். 2023 இன் 8.0 ஆம் பதிப்பில் அது கைவிடப்படவுள்ளதென அறிவிக்கப்பட்டு, 9.0 இல் நீக்கப்பட்டது.

"இவை இருந்தால் யாருக்கு என்ன நட்டம்? இருந்துவிட்டுப் போகட்டுமே!" என்பது நல்லெண்ணமுடையோர் சொல்வது. பழைய தட்டுமுட்டுகளைப் பரணில் ஏற்றி வைப்பது போன்ற மனநிலை இது. ஆயின் மென்பொருளிற் பரண் இல்லை. அங்குள்ள ஒவ்வொரு வரியும் இயங்கும் வரியோடு பிணைந்தது. புதிதாக ஒன்றைச் சேர்ப்பவர் பழைய தெரிவுகள் ஒவ்வொன்றோடும் அது முரண்படாதா என்று நோக்கவேண்டும், சோதிக்கவேண்டும், விளக்கவுரை எழுதவேண்டும். இஃது உழைப்பு. கண்ணுக்குத் தெரியாத உழைப்பு. வீட்டைத் துப்புரவாக வைத்திருக்கும் பெண்ணின் உழைப்பைப் போல, செய்யாதபோது மட்டுமே உலகத்தின் கண்ணிற் படுவது. நமக்குச் செலவில்லாதது என்று நாம் கருதும் வசதியின் செலவை வேறொருவர் தம் மாலைப்பொழுதுகளாற் செலுத்திக்கொண்டிருக்கிறார்.

உழைப்பு மட்டுமன்று, ஆபத்தும் உண்டு. 2015 மே மாதத்தில் 'வெனம்' என்ற பெயரால் அறியப்பட்ட ஒரு குறைபாடு வெளிப்பட்டது. புளொப்பி வட்டுகளைக் கையாளும் பழைய பகுதி கியூஎமுவில் இருந்தது. எவரும் புளொப்பி வட்டைத் தொடாத காலத்திலும் அது இருந்தது. 2004 ஆம் ஆண்டு முதல் அதனுள் ஒரு பிழை ஒளிந்திருந்தது. உட்கணினி ஒன்றிற் புகுந்த தீயவன் ஒருவன் அப்பிழையின் வழியாகச் சுவரைத் துளைத்துத் தாய்க் கணினிக்கு வரக்கூடும். அங்கிருந்து அயலிலுள்ள பிறருடைய உட்கணினிகளையும் அடையக்கூடும். இன்னும் வியப்புக்குரியது யாதெனில், "எனக்குப் புளொப்பி வேண்டாம்" என்று தெரிவித்தோருக்கும் பாதுகாப்பிருக்கவில்லை. சாதனத்தை அகற்றினாலும் அதனைக் கட்டுப்படுத்தும் நிரல் உள்ளே விழித்திருந்தது. கியூஎமுவின் அந்நிரலைத் தம்முட் கொண்டிருந்த ஸென், வேர்ச்சுவல்பொக்ஸ் போன்ற வேறு மென்பொருள்களும் இவ்வபாயத்துக்கு உள்ளாயின. பதினோராண்டு காலம் எவரும் திறவாத அறையொன்றின் கதவு தாழிடப்படாமலே கிடந்தது என்பதுதான் இதன் பொருள். பழையதைப் பேணுவது எப்போதும் இரக்கம் என்று கருதுவோர் இந்நிகழ்ச்சியை மனங்கொள்ளுதல் நன்று. பேணுவதானால் உண்மையிற் பேணவேண்டும். பேணாது வைத்திருப்பது இரக்கமன்று, அலட்சியம்.

இதுவரை கூறியவற்றிலிருந்து, நீக்குவோரே நேர்மையாளர், எதிர்ப்போர் பழமைவாதிகள் என்று முடிவுகட்டிவிடலாமா? நன்னூலார், பழையவை நீங்குவதும் புதியவை சேர்வதும் காலத்தின் இயல்பாதலால் அவை குற்றமாகா என்று மொழிக்கு விதி வகுத்தார். முற்போக்காளர் எனப்படுவோர் பலர் அவ்விதியை எல்லாவற்றுக்கும் ஏற்றி வாதிடுவதுண்டு. ஆனால் மொழியில் ஒரு சொல் வழக்கொழிவது பேசுவோர் எல்லோரும் மெல்ல மெல்ல அதனைக் கைவிடுவதால் நிகழ்வது. அங்கு நீக்கியவர் என்று ஒருவரைச் சுட்ட இயலாது. மென்பொருளிலோ ஒரு குறித்த நாளில், ஒரு குறித்த மனிதர், ஒரு குறித்த வரியை அழிக்கிறார். அங்கே செய்பவன் இருக்கிறான். எனவே பொறுப்பும் இருக்கிறது. 'காலம் நீக்கியது' என்று கூறுவது செய்தவனை மறைக்கும் இலக்கணம். காலம் எதையும் நீக்குவதில்லை, மனிதர் நீக்குகின்றனர். ஆலை மூடப்படும்போதும் தோட்டம் கைவிடப்படும்போதும் இதே இலக்கணம் பயன்படுவதை நாம் அறிவோம்.

இனி, மீண்டும் 'கிளொக்' தெரிவை நோக்குவோம். ஏறத்தாழ ஐந்தாண்டு காலம் அச்சொல் ஏற்கப்பட்டது, ஆனால் கேட்கப்படவில்லை. கந்தோர் வாசலில் முறைப்பாட்டுப் பெட்டி ஒன்று தொங்குகிறது என்று கொள்வோம். திறவுகோல் தொலைந்துவிட்டது, எவரும் அதனைத் திறப்பதில்லை. ஆயினும் மக்கள் மனுக்களை இட்டுச் செல்கின்றனர். ஐந்தாம் ஆண்டு பெட்டியைக் கழற்றுகிறார்கள். "எங்கள் உரிமையைப் பறித்துவிட்டார்கள்!" என்று அன்று எழும் குரல் ஐந்தாண்டு பிந்திய குரல். உரிமை போனது பெட்டி கழற்றப்பட்ட அன்றல்ல. திறவுகோல் தொலைந்த அன்றே. கண்ணுக்குத் தெரிந்த நீக்கத்தை நாம் கண்டிக்கிறோம். கண்ணுக்குத் தெரியாத நீக்கத்தை மன்னித்துவிடுகிறோம். அறத்தின் தராசு இங்குத் தலைகீழாகத் தொங்குகிறது.

எனினும் எதிர்த்தரப்பின் நியாயத்தையும் கூறவேண்டும். அச்சொல்லை ஏற்று மௌனம் காத்தோர் வஞ்சகத்தால் அவ்வாறு செய்தனரல்லர். பழைய வரியோடு இயந்திரத்தைத் தொடக்குபவர் தடுமாறி நிற்கக்கூடாது என்ற பரிவே அவர்களை அவ்வாறு செய்யத் தூண்டியிருக்கும். தெரிவின் தேவையே இல்லாமற் போனபின், அதனைக் கேளாதிருந்ததால் எவருக்கும் பெருந்தீங்கு நேராது. மாறாக, திடீரென்று "இச்சொல்லை அறியேன்" என்று இயந்திரம் எழ மறுக்குமாயின், நள்ளிரவில் ஒரு வைத்தியசாலையின் பதிவேடு திறக்காமற் போகலாம். ஆகவே மௌனமும் குற்றம், மறுப்பும் குற்றம் என்ற இக்கட்டு உண்டாகிறது. இவ்விக்கட்டிலிருந்து வெளியேறும் வழி ஒன்றே: சொல்லை ஏற்றுக்கொள், அதே வேளையில் உண்மையைச் சொல். "நீ கேட்டது இன்னும் கிடைக்கும், ஆனால் நெடுநாள் கிடைக்காது, இன்னதைக் கைக்கொள்" என்று எச்சரி. பரிவும் வாய்மையும் பொருதுமிடத்தில், இரண்டுக்கும் இடங்கொடுப்பது அவகாசமே. அவகாசம் என்பது நிர்வாகச் சடங்கன்று. அஃது ஓர் அறக்கருவி.

கியூஎமுவை ஆக்குவோர் இதனை ஒரு விதியாகவே எழுதி வைத்துள்ளனர். ஒரு வசதி ஒருமுறை சேர்க்கப்பட்டால் அது வரையறையின்றித் தொடரும் என்பதே பொதுக்கொள்கை. நீக்க நேரிடின், முதலிற் 'கைவிடப்படவுள்ளவை' என்ற பட்டியலில் அது இடம்பெறும். அப்பதிப்பிலும் அடுத்த பதிப்பிலும் அது தொடர்ந்து இயங்கும். அதன் பின்னரே நீக்கப்படலாம். ஏப்ரல், ஓகஸ்ட், டிசெம்பர் என ஆண்டுக்கு மூன்று பதிப்புகள் வெளிவருவதால், அவகாசம் குறைந்தது எட்டு மாதங்களாகிறது. இயந்திரம் எழும்போது எச்சரிக்கை வாசகமும் தோன்றக்கூடும். பட்டியலில் மாற்று வழி குறிக்கப்படும். நீக்கப்பட்டவற்றுக்கும் தனிப் பட்டியல் உண்டு. எப்பதிப்பில் எது நீங்கியது, அதற்குப் பதில் எது என்பன அதிற் பதிவாகின்றன. கியூஎமுவின் மேல் நின்றியங்கும் லிப்வேர்ட் என்ற இடைநிலை மென்பொருளை ஆக்குவோருக்கும் அறிவித்தல் செல்லும் ஏற்பாடு உண்டு. இறந்தவற்றின் பெயரைப் பொறித்து வைக்கும் இப்பண்பு பாராட்டத்தக்கது. எத்தனை அரசாங்கங்கள் தாம் நிறுத்திய மானியங்களுக்கும் மூடிய பாடசாலைகளுக்கும் இத்தகைய பட்டியலை நேர்மையாக வைத்திருக்கின்றன?

ஆயினும் இங்கு ஓர் ஏற்றத்தாழ்வு உண்டு. எச்சரிக்கை திரையில் தோன்றுகிறது. திரையைப் பார்ப்பவர் யார்? தானியங்கும் நிரலால் எழுப்பப்படும் இயந்திரத்தின் எச்சரிக்கை, எவரும் திறவாத பதிவுக் கோப்பிற் சென்று விழுகிறது. பெரிய கம்பனிகளில் அதனைப் படிப்பதற்கென்றே ஊழியர் உளர். சிறிய நூலகத்தில், கிராமத்துப் பாடசாலையில், கணினியைக் கவனிப்பவர் கணிதம் படிப்பிக்கும் ஆசிரியராகவும் இருப்பார். மேலும் அவகாசமும் ஒரு விற்பனைப் பொருளாகியுள்ளது. ரெட் ஹாட் நிறுவனம் தனது லினக்ஸ் பதிப்பொன்றைச் சந்தா செலுத்துவோருக்குப் பத்தாண்டு காலம் பேணித் தருகிறது. பணம் உள்ளவனுக்குப் பத்தாண்டு. புதிய பதிப்புகளை நேரே கொள்பவனுக்கு எட்டு மாதம். டெபியன் போன்ற கூட்டுழைப்பு அமைப்புகள் விலையின்றியே ஏறத்தாழ ஐந்தாண்டுப் பராமரிப்பை வழங்குவதால் இவ்விடைவெளி ஓரளவு குறைகிறது என்பதையும் மறுக்கலாகாது. சமூகத்தின் கூட்டு முயற்சி எங்கு வலுவாயுள்ளதோ, அங்கே எளியோருக்கும் காலம் கிடைக்கிறது. எங்கு அது மெலிகிறதோ, அங்கே காலமும் சந்தைக்கு வருகிறது.

"உனக்கு வேண்டுமானால் பழைய நிரலை எடுத்து நீயே பேணிக்கொள், தடுப்பார் யார்?" என்பது அடுத்து வரும் வாதம். கியூஎமு பெரும்பாலும் ஜி.பி.எல். உரிமத்தின் இரண்டாம் பதிப்பின் கீழ் வழங்கப்படுகிறது. மூலநிரலைப் பெறவும் மாற்றவும் பகிரவும் எவருக்கும் உரிமையளிப்பது அவ்வுரிமம். மனித அறிவின் பயனைத் தனியுடைமையிலிருந்து மீட்ட பெருஞ்செயல்களுள் அதுவும் ஒன்று என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் சட்டப்படியான சுதந்திரம் வேறு, நடைமுறைச் சுதந்திரம் வேறு என்பதை நம் வாசகருக்கு நாம் விளக்கவேண்டியதில்லை. உழைப்பை விற்காதிருக்கத் தொழிலாளிக்குச் சட்டம் சுதந்திரம் தருகிறது, வயிறு தருவதில்லை. அவ்வாறே பல இலட்சம் வரிகள் கொண்ட நிரலைத் தனித்தெடுத்துப் பேண ஒரு பாடசாலை ஆசிரியருக்கு உரிமையுண்டு. நேரமும் அறிவும் துணையும் இல்லை. ஆயினும் அவ்வுரிமை வெறும் ஏட்டுச்சுரைக்காய் என்று தள்ளிவிடவும் இயலாது. தனியொருவருக்குப் பயனற்ற உரிமை, பலர் கூடியவிடத்துப் பயன் தரும். நூறு பாடசாலைகளுக்கு ஒரு தெரிவு தேவையெனின், அந்நூறும் இணைந்து அதனைப் பேண ஒருவரை அமர்த்தலாம். தனியுடைமை மென்பொருளில் அந்தக் கதவே இல்லை. உரிமை என்பது ஒன்றுபடுவோர் கையிற் கருவி. ஒன்றுபடாதோர் கையிற் காகிதம்.

ஆக்குவோர் எல்லோரும் ஊதியமின்றி உழைக்கும் தியாகிகள் என்ற எண்ணமும் திருத்தத்துக்குரியது. கியூஎமுவுக்கு நிரல் எழுதுவோருட் பலர் ரெட் ஹாட், ஐ.பி.எம்., லினாரோ முதலிய நிறுவனங்களின் ஊழியர். தம் ஓய்வு நேரத்தை ஈவோரும் அவர்களிடையே உளர். எனவே எது சுமை, எது பேணத்தக்கது என்ற தீர்ப்பில் ஊதியம் கொடுப்போரின் தேவை செல்வாக்குச் செலுத்தவே செய்யும். இதனைச் சூழ்ச்சியென்று கூறுவது மிகை. இயல்பென்று கூறி அமைந்துவிடுவதும் பிழை. ஊழியரின் உழைப்பு எப்பக்கம் பாய்கிறதோ அப்பக்கமே பயிர் செழிக்கும் என்பதை உணர்ந்திருந்தாற் போதும்.

இவ்விடத்து நாம் ஒரு முக்கிய வேறுபாட்டைக் காட்டவேண்டும். நீக்கங்கள் எல்லாம் ஒரு தன்மையனவல்ல. 'நோ-எச்பெட்' நீங்கியபோது பாதிக்கப்பட்டவர் ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொரு சொல்லை எழுதவேண்டியிருந்தது. அதன் விலை அரை மணி நேரக் கவனம். 2025 ஏப்ரலில் வெளிவந்த 10.0 ஆம் பதிப்போ, 32 பிட் தாய்க் கணினிகளில் கியூஎமுவை இயக்கும் வசதி எதிர்காலத்திற் கைவிடப்படும் என்று அறிவித்தது. அவற்றைப் பேணுவது பெருஞ்சுமை என்பது அவர்கள் கூறிய காரணம். அக்காரணம் பொய்யன்று. ஆயினும் இங்கே மாற்று வழி ஒரு சொல்லன்று. மாற்று வழி ஒரு புதிய கணினி. முன்னையதில் நாம் கற்றுக்கொண்டாற் போதும். பின்னையதில் நாம் பணம் செலுத்தவேண்டும். கல்வியாற் கடக்கக்கூடிய நீக்கத்தையும் காசால் மட்டுமே கடக்கக்கூடிய நீக்கத்தையும் ஒரே அளவுகோலால் அளப்பது அநீதி. 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதி மைக்ரோசொஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவை முடித்துக்கொண்டபோது இவ்வுண்மை இன்னும் பெரிய அளவில் வெளிப்பட்டது. நன்கு இயங்கிக்கொண்டிருந்த கணினிகள் பல, அடுத்த பதிப்பு வேண்டும் பாதுகாப்புச் சில்லு தம்மிடம் இல்லாமையால் 'பழையன' ஆயின. அவை பழுதடையவில்லை, பழுதென்று அறிவிக்கப்பட்டன.

இவ்வளவையும் தொகுத்து நோக்குமிடத்து, நீக்கும் உரிமை ஒன்று உண்டென்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். எல்லாவற்றையும் என்றென்றும் பேணுமாறு எவரையும் நிர்ப்பந்திக்க இயலாது. அது பிறர் உழைப்பை வரையறையின்றிக் கோருவதாகும். ஆனால் அவ்வுரிமை வெறுமனே வந்துவிடுவதன்று. சில கடமைகளை நிறைவேற்றியவருக்கே அஃது உரித்தாகிறது. செயலற்றுப்போனதைச் செயலுடையது போற் காட்டாதிருத்தல் முதற் கடமை. நீக்கத்துக்கு முன் சொல்லுதல் இரண்டாவது. சொன்னதாகப் பதிவு செய்தால் மட்டும் போதாது, கேட்கவேண்டியவர் காதில் விழுமாறு சொல்லவேண்டும். மாற்று வழி காட்டுதல் மூன்றாவது; அம்மாற்று வழி பணமாயிருப்பின், அவகாசம் அதற்கேற்ப நீளவேண்டும். நீக்கியதைப் பெயருடனும் காரணத்துடனும் பதிவில் வைத்தல் நான்காவது. இவற்றின்மேல் இன்னொன்றும் உண்டு: நீக்கத்தால் இலாபமடையும் வலியோர், நீக்கத்தால் நட்டமடையும் எளியோரின் மாற்றச் சுமையில் ஒரு பங்கை ஏற்கவேண்டும். கியூஎமுவின் விதி முதல் நான்கையும் பெருமளவு தொட்டுவிட்டது. ஐந்தாவது எவருடைய விதியிலும் இன்னும் எழுதப்படவில்லை.

பயன்படுத்துவோருக்குக் கடமையில்லையா? உண்டு. பொதுவுடைமையாக வந்த பொருளைச் சந்தைப் பொருள் போல நுகர்ந்துவிட்டு, அது மாறும்போது மட்டும் கூக்குரலிடுவது உரிமையாளனின் பண்பன்று, வாடிக்கைக்காரனின் பண்பு. எச்சரிக்கையைப் படிப்பதும், தமக்கு இன்னது தேவையென்று காலத்தோடு அறிவிப்பதும், சோதனைக்குக் கைகொடுப்பதும், விளக்கங்களைத் தம் மொழியில் எழுதிப் பரப்புவதும் அவர்கள் செய்யத்தக்கன. எச்சரிக்கை வாசகம் ஆங்கிலத்தில் மட்டும் தோன்றுமாயின், அது பலருக்கு எச்சரிக்கையே அன்று. இங்கே ஆசிரியருக்கும் மாணவருக்கும் உள்ள பணி தெளிவானது. கணினியைப் பொத்தான் அழுத்தும் கருவியாகப் படிப்பிப்பதோடு நில்லாது, அதனுள் யார் என்ன முடிவெடுக்கிறார்கள், ஏன் எடுக்கிறார்கள், அம்முடிவில் நாம் எவ்வாறு வாய்திறக்கலாம் என்பதையும் படிப்பிக்கவேண்டும். மூலநிரல் திறந்திருப்பதால் மட்டும் அது மக்களுக்குரியதாகிவிடாது. மக்கள் அதனைப் படிக்கத் தொடங்கும்போதே அவர்களுக்குரியதாகும்.

ஒரு சமுதாயம் புதியதை எவ்வளவு விரைவாகப் படைக்கிறது என்பதைக் கொண்டு அதன் முன்னேற்றத்தை அளப்பது வழக்கமாகிவிட்டது. பழையதை அது எவ்வாறு நீக்குகிறது என்பதையும் சேர்த்து அளக்கவேண்டும். நீக்கப்படும் ஒவ்வொன்றின் பின்னும், அதனை நம்பி ஒரு வரியை எழுதிவைத்த முகந்தெரியாத மனிதர் ஒருவர் இருக்கிறார். அவருக்காக நின்றுவிடுதல் முன்னேற்றமாகாது. அவரிடம் சொல்லாமற் போவதும் முன்னேற்றமாகாது.